இருக்கிறதா என்று கேட்கும் மூன்று வரி

மாங்குளத்திலிருந்து குகபாலன் எடுத்தார்:
"தம்பி, பட்டனை அமத்தினனான், ஒண்டும் வரேல்லை.
நெல்லுக் குடுத்த சனம் வாசல்ல நிக்குது."

சங்கத்தின் நெல் கணக்குக்கு நான் எழுதிய மென்பொருள்.
கடைசிப் பட்டன் எக்செலைத் திறந்து
மூட்டை, ஈரப்பதன், கிலோவுக்கு எவ்வளவு என்று
கட்டம் கட்டமாய் ஊற்றவேண்டும்.
என் மேசையில் ஊற்றியது.
எக்செல் இல்லாத கொம்பியூட்டரும் உலகத்தில் இருக்கும் என்று
கிளிநொச்சியில் ஏசிக்குக் கீழே இருந்தவனுக்குத்
தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தலைமையகம் ஒரு படிவம் தந்தது.
கிளையின் பெயர். எதிரே இரண்டு பெட்டி:
உண்டு. இல்லை.

மாங்குளத்தில் திரையில் ஐக்கன் இருக்கிறது, பச்சையாய்.
தட்டினால் சின்ன டோர்ச் லைற் ஒன்று
இடமும் வலமும் அசைந்து தேடிவிட்டுக்
கைவிரிக்கிறது.
ரெஜிஸ்ட்ரியைக் கேட்டேன். உண்டு என்றது.
பன்னிரண்டாம் பதிப்பு, இன்ன பாதை, இன்ன கோப்புறை,
சத்தியம் பண்ணாத குறை.
அந்தக் கோப்புறைக்குள் போனால்
குகபாலனுடைய மகளின் சாமத்தியவீட்டு வீடியோ, நாலு பாகம்.
"இடம் காணாமல் கிடந்தது, எதையோ அழிச்சனான்,"
என்றார் கண்ணாடியைத் துடைத்தபடி.
இரண்டு பெட்டிக்கும் நடுவில் உள்ள கோட்டில்
பேனை நின்றது.

ஒட்டுசுட்டானில் ஐக்கன் இல்லை.
மெனுவில் இல்லை. நிறுவியவற்றின் பட்டியலில் இல்லை.
'இல்லை'யில் பாதிச் சரி போட்டுவிட்டேன்.
எதற்கும் ஒருதரம் என்று
பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், ஒரே வரியில்.
விசிறி இரைந்தது.
டிஸ்க் எங்கேயோ ஆழத்தில் கறகறத்தது.
நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தபோது
வெறுந்தாள் ஒன்று விரிந்து கிடந்தது, கட்டங்களோடு.
ஆக்கியவர் என்ற இடத்தில்:
சகாயசீலி.

"ஆர் இது?"
"தெரியாது அண்ணை," என்றாள் லிகிதர் நிறஞ்சினி.
"ஏதோ நிறுவனம் போகேக்க விட்டிட்டுப் போன கொம்பியூட்டர்.
நான் அடிக்கிற எல்லாத்திலையும் அவதான் வாறா.
உரம், மண்ணெண்ணெய், என்ரை லீவுக் கடிதமும்."
மாற்ற அரை நிமிடம் போதும்.
பெயரின் கடைசியில் கேர்சர் மினுங்கிக்கொண்டிருந்தது.
மாற்றவா என்று கேட்டேன்.
அவள் பதில் சொல்லாமல்
கிளாசை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.
நான் ஜன்னலை மூடினேன்.
சேமிக்கவா என்று அது கேட்டது.

முள்ளியவளைக்குப் போகவில்லை.
மழை. அதோடு, விளங்கிவிட்டது.

இரவு எழுதினேன்.
ஐக்கனை நம்பாதே. பட்டியலை நம்பாதே.
கூப்பிட்டுப் பார். எழும்பி வந்தால் உண்டு.
வராவிட்டால் பிழை என்று கத்தாமல்
இருப்பதை வெறும் எழுத்தாய், கமா போட்டு,
எந்த மெசினும் வாசிக்கிற மாதிரி வைத்துவிடு.
மூன்று வரிதான். முதலிலேயே எழுதியிருக்கலாம்.

படிவத்தை அனுப்பவில்லை.
மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும்
மூன்றாவது பெட்டி ஒன்றைப் பேனையால் கீறிப் பார்த்தேன்,
மேலே என்ன எழுதுவதென்று தெரியாமல்
பையிலேயே கிடக்கிறது, மடிப்பில் கிழிந்து.

விடிய ஏழரைக்குக் குகபாலன்:
"வந்திட்டுது தம்பி. ஆனால் கட்டத்தைக் காணேல்லை,
ஒரே கமாவாக் கிடக்கு."
சனம் என்ன சொல்லுது என்றேன்.
"அதுகள் தொகையைப் பாத்திட்டுக்
காசை வாங்கிக்கொண்டு போட்டுதுகள்.
கமாவை ஆர் பாக்கினம்?"