அரை வினாடி

தொலைபேசியில் பேசியவன் இளைஞன்.
ஆண்டுவாரியாக வென்றவர்களின் பட்டியல்
தயாரிக்கிறானாம்.
பெரிய லீக் பிறப்பதற்கு முன்னால்
கூடைப்பந்துக்குக் கூலி கொடுத்த சின்ன லீக்குகள்.
மூன்று குளிர்காலம் ஆடி
நான்காவதில் வாடகைப் பாக்கியோடு கலைந்தவை.
"ஆற்றோர லீக், இருபத்தெட்டு, இறுதியாட்டம்.
மூன்று செய்தித்தாளில் மூன்று ஸ்கோர் இருக்கிறது,
மிசஸ் பொடோல்ஸ்கி.
நேரம் பார்த்தவர் நீங்கள்தானே?"

நான்தான்.
இருபத்து மூன்று, இருபத்திரண்டு.
எழுதிக்கொள்.

என்னை ஏன் அங்கே உட்கார வைத்தார்கள்
என்று அவன் கேட்கவில்லை.
பென்சில்வேனியாவில், ஹார்லன் இரும்பு வார்ப்பாலையில்
சம்பளக் கணக்கு எழுதினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் வருகை அட்டைகள்
என் விரல்களைத் தாண்டித்தான் போகும்.
நிமிடத்தை விட்டுக்கொடுக்காதவள் என்று
ஊரில் பெயர்.
ஆகவே வலது கையில் நிறுத்துக் கடிகாரம்,
இடது கையில் வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கி.
நேரம் முடிந்ததும் கூரையைப் பார்த்துச் சுட வேண்டும்.

அது நடனக்கூடம். தரையெல்லாம் மெழுகு.
நான்கு பக்கமும் கம்பிவலை,
உள்ளே பத்துப் பேர்,
கோழிக்கூண்டில் மாட்டிய நரிகள்போல.
பந்து வெளியே போகாது;
வலையில் அடித்துத் திரும்பி வரும்.
ஆட்களும் அப்படியே.
திங்கட்கிழமை பார்த்தால்
எங்கள் ஆட்களின் முதுகில் கட்டம் கட்டமாய்ச் சிவப்பு.

ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம்.
மூன்று வினாடி மீதி.
அப்போது யாரோ ஒரு சீமாட்டி
தொப்பி ஊசியை வலைக்குள் விட்டு
கோல்டர்ஸ்பர்க் டெல்மர் க்ரூஸின் தொடையில் குத்தினாள்.
ஆட்டம் நின்றது.
ரத்தத்தைத் துடைத்தார்கள்.
சுரங்கக்காரன், அவனும் சிரித்தான்.

நடுவர் பந்தை மேலே எறிந்தார்.
இரண்டு கைகள் எழும்பின.
ஒரு கை தொட்டது.
தொட்டதும் நான் அழுத்த வேண்டும்.

பார்த்தேன்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு அழுத்தினேன்.

லயல் ஹென்னெகன் நடுக்கூடத்தில் நின்று
இரண்டு கைகளாலும்,
வாளித் தண்ணீரை மாடிக்கு வீசுகிறவன்போல,
எறிந்தான்.
பந்து அவன் கையை விட்டது,
என் முள் மூன்றைத் தொட்டது,
நான் சுட்டேன்.
பந்து விழுந்தது.

ஹென்னெகன்மேல் எனக்குக் காதலா?
இல்லவே இல்லை.
பேசினால் புகையிலை நாறும்.
ஊர்ப்பாசமா? அதுவும் தெரியாது.
கட்டைவிரல் என்னிடம் காரணம் சொல்லவில்லை.

வலையைச் சுருட்டுவதற்குள் வாத்தியங்கள் தொடங்கிவிட்டன.
டிக்கெட்டில் நடனமும் சேர்த்திதானே.
வியர்வை சொட்டிய தரையில்
ஜோடிகள் வழுக்கி வழுக்கி ஆடின.
க்ரூஸ் கோட்டை மாட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தான்.
கடிகாரம் இன்னும் என் கையில்.

"மணி என்ன, மேடம்?"

அவன் கண்ணைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.
கடைசி டிராம் பதினொன்று பத்துக்கு.
அதைத்தான் கேட்டிருப்பான்.
"பத்து ஐம்பத்திரண்டு" என்றேன்.
நன்றி சொல்லி நொண்டிக்கொண்டே போனான்.

திங்கட்கிழமை ஹென்னெகன்
ஏழு மணி நான்கு நிமிடத்துக்கு வந்தான்,
பாதித் தெரு அவனுக்குப் பின்னால்.
கால் மணி நேரக் கூலியைப் பிடித்தேன். பதினோரு சென்ட்.
"சாம்பியனுக்கு நாலு நிமிஷம் தரக்கூடாதா, ஜெனவீவ்?"
"கூடாது."
எல்லாரும் சிரித்தார்கள்.
அட்டையில் என் கையெழுத்து மட்டும்
கொஞ்சம் கோணலாக விழுந்தது.

இரண்டு வருஷத்தில் லீக் இல்லை.
கோப்பை முடிதிருத்தும் கடையில்
சீப்புகளைச் சுமந்தது.
நாற்பத்தாறு வருஷம் கழித்து இந்தப் பையன்
அதற்கு ஒரு வரி தரப் போகிறான்:
ஆண்டு, அணி, ஸ்கோர்.
கட்டைவிரலுக்கு அதில் இடமில்லை.

"வேறு ஏதாவது குறிப்பு உண்டா, மேடம்?"

அடுப்பில் பால் பொங்கும் சத்தம்.
தரை ரொம்ப வழுக்கும் என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டான்.