தூங்கும் ஆளுக்கு எழுபது வாட்

எடை கேட்டது ட்ரெட்மில்.
எழுபத்தாறு என்று தட்டினேன்.
எண்பத்து நான்கு என்பது
எனக்கும் குளியலறைத் தராசுக்கும் உள்ள ரகசியம்.

ஷார்ஜா, அல் நஹ்தா, பதினேழாம் மாடி.
கண்ணாடியைப் பார்த்தபடி முக்கால் மணி நேரம் நடந்தும்
ஓரடி நகரவில்லை.
கீழே துபாய் சாலையும் அப்படித்தான்.

இறங்கும்போது மெஷின் சொன்னது: இருநூறு.
கைக்கடிகாரம் தாராளம், முந்நூற்றுப் பத்து.
போனைக் கேட்டால் நூற்று எழுபதுக்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது.
பக்கத்து மெஷினில் ரொஸாரியோ, மூச்சிரைக்க:
"உள்ள எடையப் போடும் ஓய்,
இன்னும் இருபது கூடக் கெடைக்கும்."
பொய்க்கும் பிடித்தம் உண்டு போல.

இருநூறிலும் ஓர் அறுபது
சோபாவில் கிடந்திருந்தாலே எரிந்திருக்கும்;
ஈரலும் இதயமும் பார்க்கிற வேலை அது, என்னுடையதல்ல.
கழித்தால் மிஞ்சுவது
ஒரு கடக் டீ.

இந்தக் கணக்கு எனக்குப் புதிதில்லை.
ஏசி காண்ட்ராக்ட் கம்பெனியில் எஸ்டிமேட்டர்.
பதினோரு வருஷமாய் மனிதர்களை
வெப்பமாக மட்டுமே எண்ணுகிறேன்.
மேசையில் இருப்பவர் நூற்றுப் பதினைந்து வாட்,
ஆடுபவர் இருநூற்றைம்பது,
தூங்கும் ஆளுக்கு எழுபது.
பெயருக்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

எரித்தது எங்கேயும் தொலைந்து போவதில்லை.
தோல் விட்டு அறைக்கு,
அறை விட்டுக் குழாய் வழியே மொட்டை மாடிக்கு,
அங்கிருந்து ஊர் மேல்.
இரவு ஒன்பதுக்கும் வெளியே நாற்பத்தொன்று.
அதில் எங்கேயோ என் இருநூறும் இருக்கிறது.

போன மார்ச்சில் சஜா பக்கம் ஒரு கேம்ப், டெண்டர்.
அறைக்குப் பத்துப் பேர் என்றது வரைபடம்.
கட்டில்களை எண்ணியும் பார்த்தேன், பத்துதான்.
"ஆறு போடுங்க, ரேட் இறங்கும்" என்றார் மேனேஜர்.
போட்டேன்.
எழுபத்தாறு போட்ட அதே விரல்.
வேலை கிடைத்தது. பிரியாணி வந்தது.

ஆறு பேருக்கான குளிர்
இப்போதும் அந்த அறைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.
மீதி நான்கு பேர், ஆளுக்கு எழுபது, எட்டு மணி நேரத் தூக்கம்.
தூக்கம் என்றுதான் தாளில் இருக்கிறது.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே
போனில் பெருக்கிக் கலோரியாக மாற்றிப் பார்த்தேன்.
என் பத்து நாள் நடை.
ஓர் அறையில், ஓர் இரவில்.
அறைகள் தொண்ணூற்றாறு.

"டீக்கு வர்றீரா?" என்றார் ரொஸாரியோ.
லிஃப்டில் நல்ல குளிர்.