நீளக் கால்

விளம்பரத்தில் இவ்வளவுதான் இருந்தது:
முன் ஃபோர்க். நூற்றிருபது மில்லிமீட்டர் அமுங்கும்.
கீறல் உண்டு. பொய் இல்லை.

மாரிபோர் வரை ஒன்றரை மணி நேரம் ஓட்டிப் போனேன்.
துஷான் ஊன்றுகோலோடு வந்து கதவைத் திறந்தான்.
முழங்காலில் அறுவை.
"இனி நீச்சல் மட்டும்தானாம்" என்றான்,
நீச்சல் ஏதோ வியாதியின் பெயர் என்பதுபோல.
நான் கொடுத்த பணத்தை அவன் எண்ணவில்லை.

என் சைக்கிள் நூறு மில்லிமீட்டருக்குப் பிறந்தது.
ஏறுவதற்கென்றே செய்த ஒல்லி உடம்பு.
அதற்கு மேல் மாட்டாதே,
மாட்டினால் எங்களிடம் வராதே
என்கிறது அதோடு வந்த கையேடு.
அகலக் கால் வைக்காதே என்பார்கள்.
நீளக் காலைப் பற்றி
யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

"இருபது மில்லிமீட்டர்
உன் கட்டைவிரல் அகலம்கூட இல்லை.
அதற்குப் போய் ஒரு சனிக்கிழமையா?"
என்றான் கோராஸ்த்.
குழாய் வேலைக்காரன். பக்கத்து வீடு.
மோவாயைத் தொட்டு
அவன் முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தினேன்.
"இப்போது என்ன தெரிகிறது?"
"உத்தரம்."
"அதுதான்."

மார்ச். பெட்ஸா மலையின் வடசரிவில் இன்னும் பனி.
கீழறையில் அடுப்பு எரிந்தும் கை விறைத்தது.
பழைய ஃபோர்க்கை உருவினேன்.
கிரீஸ், அடிபிடித்த பிளம் ஜாம் நிறத்தில்.
அதன் கழுத்து வளையத்தை
ஸ்க்ரூடிரைவரால் சுற்றிச் சுற்றித் தட்டிக் கழற்றி
புதியதன் கழுத்தில் இறக்க
கோராஸ்த் ஒரு பிளாஸ்டிக் குழாய் அறுத்துத் தந்தான்.
அடித்தேன்.
டங். டங். டங்.
டக்.
சத்தம் மாறினால் உட்கார்ந்துவிட்டது என்று பொருள்.

பிறகு தண்டை வெட்ட வேண்டும்.
ஹேக்ஸாவுக்குப் புது பிளேடு வாங்கி வைத்திருந்தேன்.
அளந்தேன். நூற்றெழுபத்தெட்டு.
மறுபடி அளந்தேன்.
எனக்கு வேண்டியதைவிடப் பன்னிரண்டு குறைவு.
துஷான் முன்பே வெட்டியிருக்கிறான்,
அதுவும் கோணலாக.
ஹேண்டில்பாரை இவ்வளவு தாழ்த்துகிறவன்
ஊர் சுற்ற ஓட்டியிருக்க மாட்டான்.
பந்தயத்தில் ஓடியிருக்கிறான்.
சொல்லவில்லை.
நானும்தான் அவனிடம் சொல்லவில்லை.

கோணலை அரத்தால் ராவி நேராக்கினேன்.
ஸ்பேசர்களில் பெரியதை எடுத்தேன்.
ஃபோர்க் உயர்த்தியதில் பாதிக்கு மேல்
அவனுடைய அவசரம் இறக்கிக் கொடுத்தது.

ஞாயிறு, த்யாஷாவும் நானும்.
நாங்கள் ஒரே அணியில் ஓடியவர்கள்.
அவள் இன்னும் ஓடுகிறாள்.
செங்குத்தில் என் முன்சக்கரம்
மூக்கணாங்கயிறு போடாத கன்று மாதிரி
இடமும் வலமும் மோந்து திரிந்தது.
இருக்கையை முன்னால் தள்ளினேன்,
அதன் நுனியில் தொங்கி ஏறினேன்.
"நாற்பத்தொரு விநாடி" என்றாள் உச்சியில்.
முன்பெல்லாம் அவளுக்காக
நான்தான் அங்கே காத்திருப்பேன்.

இறக்கம்.
பீச் மர வேர்கள், ஈர இலை, பிறகு அந்தப் பாறைப் படி.
பதினோரு வருடமாக நான் இறங்கி நடக்கும் இடம்.
கால் பழக்கத்தில் பெடலை விட்டு எழுந்தது.
எழுந்த காலை மறுபடி வைத்தேன்.
முன்சக்கரம் விழுந்தது.
இரண்டு கால்களும் மடங்கி
ஒரு நீண்ட 'ம்' சொல்லின.
கீழே நான் சைக்கிள் மேலேயே இருந்தேன்.
அடுத்த வளைவில் மஞ்சள் புள்ளிச் சாலமாண்டர் ஒன்று
பாதையின் குறுக்கே,
உலகத்து நேரமெல்லாம் தன்னுடையது என்று நடந்தது.
நின்றேன். அது போகட்டும்.

நின்ற இடத்தில் குனிந்து பார்த்தேன்.
எவ்வளவு அமுங்கியது என்று காட்டும்
சின்ன ரப்பர் வளையம்
தொண்ணூற்றெட்டில் நின்றிருந்தது.
வாங்கிவந்த இருபதில்
ஒன்றைக்கூட நான் தொடவில்லை.

படம் எடுத்துத் துஷானுக்கு அனுப்பினேன்.
வாழ்த்து வரும் என்று நினைத்தேன்.
"காற்று எவ்வளவு?" என்று வந்தது.
எழுபது.
"உன் எடை?"
சொன்னேன்.
"ஐந்து குறை."

த்யாஷா கீழிருந்து கூப்பிடுகிறாள்.
வால்வு மூடியைப் பல்லில் கடித்தபடி
பம்பைத் திருகுகிறேன்.
இஸ்ஸ்.
அறுபத்தாறு.
இன்னும் ஒன்று.