குறுக்கே வைத்த தேக்கரண்டி

இஸ்தான்புல்லில், கடற்காகங்கள் கத்தும் பழைய பட்டறைக் கட்டடத்தில்
மாடிப்படி வளைவில் என் அடுப்பு.
நாளைக்கு முந்நூறு கிளாஸ் தேநீர்.
பித்தளை கடைபவன், பூட்டு அறுப்பவன், முலாம் பூசுபவன்,
பாதிப்பேர் பெயர் தெரியாது எனக்கு.
யாருக்கு எத்தனை சர்க்கரைக் கட்டி என்று தெரியும்.

சக்கையைக் கேட்டு ஒருவரும் வந்ததில்லை.
செவ்கூல் வந்தாள், காலி பெயின்ட் வாளியோடு.
"கொட்டாதீங்க அண்ணா. எலுமிச்சை விழாதது மட்டும் போதும்."
குறி பார்ப்பவளோ என்று நினைத்தேன்.
காப்பி வண்டலில் பார்ப்பார்கள்,
தேயிலையில் பார்த்துக் கேள்விப்பட்டதில்லை.
பல்கலைக்கழகம் என்றாள்.
குறிகாரி என்றால் காசாவது கேட்டிருக்கலாம்.

என் அடுப்பிலேயே கொதிக்க வைத்தாள்,
வடித்தாள், மறுபடியும் கொதிக்க வைத்தாள்,
தண்ணீரில் பொட்டுச் சிவப்பும் இறங்காமல் போகும்வரை.
"இதைத்தான் எதிர்க்கடைக்காரன் தேநீர் என்று விற்கிறான்" என்றேன்.
மொட்டைமாடியில் செய்தித்தாள் விரித்து உலர்த்தினாள்.
ஒருநாள் அடித்த காற்றில்
மசூதி முற்றம்வரை பறந்தது தேயிலை.

மூன்றாம் மாடி கார்பிஸின் பட்டறை.
குழாய்த் தலைகள் நிக்கலில் முங்கி எழும்.
அலசிய தண்ணீர் இளம்பச்சையாய், அழகாகத்தான்,
இரவில் சாக்கடைக்கு இறங்கும்.
நான் சொன்னதில்லை யாரிடமும்.
தேநீர் கொண்டுபோகிறவன் காலிக் கிளாஸோடு
கண்டதையும் தட்டில் வைத்துத் திரும்பிவிடுவான்.

அபராதச் சீட்டு வந்த வாரம்தான்
அந்தப் பெண்ணை உள்ளே விட்டார் கார்பிஸ்.

ஆளுயரக் குழாய். உள்ளே என் சக்கை.
மேலே பச்சையை ஊற்ற
கீழே சொட்டுச் சொட்டாய் நிறமற்ற நீர்.
கண்ணை நம்பக்கூடாது என்று ஒரு தாளை நனைத்தாள்.
சிவந்தால் நிக்கல்.
வெள்ளையாகவே கிடந்தது தாள்.
கார்பிஸ் குனிந்து மோந்து பார்த்தார்.
"என் காசு எங்கே போச்சு?"
"சக்கையைப் பிடிச்சுக்கிட்டிருக்கு."
முந்நூறு பேர் உறிஞ்சி எறிந்த பிறகும்
அதற்கொரு பிடி மிச்சம் இருந்திருக்கிறது.

நான்காம் நாள் மதியம் தாள் ரோஜா நிறமானது.
அவள் முகம் விழுந்தது.
எனக்கு ஆச்சரியமில்லை.
எங்கள் ஊரில் கிளாஸ் காலியானால் கேட்காமலே நிரப்புவோம்.
போதும் என்பதை வாயால் சொல்லமாட்டார்கள்,
தேக்கரண்டியைக் கிளாஸின் மேல் குறுக்கே வைப்பார்கள்.
அதற்குமேல் ஊற்றினால் அது உபசாரமில்லை.
ஒரு கரண்டி எடுத்துக் குழாயின் வாயில் வைத்தேன்.
சிரித்துவிட்டாள்.
பிறகு குறிப்பேட்டில் எழுதினாள்: நாற்பத்தொரு லிட்டர்.

அமிலத்தில் கழுவினால் சக்கை பிடியை விடுகிறது.
கெட்டிப் பச்சையாய் நிக்கல் தொட்டிக்கே திரும்புகிறது.
அன்று எல்லோருக்கும் தேநீர் சொன்னார் கார்பிஸ்,
கடனுக்கு.
ஐந்து முறை நடந்தது.
ஆறாவதில் சக்கை கூழானது.

கூழை என்ன செய்ய?
நீல டிரம்மில் அடைத்து, மண்டையோட்டுப் படம் ஒட்டி,
என் படிக்கட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள்.
லாரி வரும் என்கிறார்கள்.
கட்டடக்காரர் அந்த மூலைக்கு வாடகை கேட்கிறார்.
தண்ணீரை விட்டுப் போனது ஊரை விட்டுப் போகவில்லை,
முகவரி மாற்றிக்கொண்டிருக்கிறது.
இப்போது அது என் முகவரி.

முலாம் தொட்டியருகே நிற்பவன் நவ்வாஃப், அலெப்போக்காரன்.
கையுறை கிழிந்தால் சம்பள நாள்வரை அதே கையுறை.
விரலிடுக்கெல்லாம் நிக்கல் சொறி.
சூட்டுக் கிளாஸைப் பிடிக்க முடியாது அவனால்.
ஆறவைத்துக் காகிதக் கோப்பையில் கொண்டுபோகிறேன்.

இதற்கும் ஏதாவது சக்கை உண்டா என்று
நேற்று செவ்கூலிடம் கேட்டேன்.
குழாயை விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள் வெகுநேரம்.
பிறகு கேட்டாள்,
அவனுக்கு எந்த அளவுக் கையுறை சரியாக இருக்கும் என்று.