பதினேழு மார்ச்சுகள்

முதல் வருடம் எங்களுக்குப் பெயர் இல்லை.
சர்ச் தெருவில், படிக்கட்டு நாறும் ஒரு பாரில்
கரும்பலகையில் எழுதிவைத்தார்கள்:
‘இன்று ஐரிஷ் இசை. சிக்கன் 65 பாதி விலை.’
மூன்று மேசைக்கு ஆள்.
அதில் ஒன்று டெரிக்கின் அம்மா, அத்தை, அத்தையின் டிரைவர்.

டெரிக் பாஸ்கலுக்கு வயலின்.
நிருபமா ஹெக்டேவுக்குத் தகரக் குழல்.
யூனுஸ் சேட்டுக்கு கிதார், அது பாதி நாள் அடகில்.
எனக்குத் தோல்.
சல்லடைக்கு ஆட்டுத்தோல் போர்த்தின மாதிரி ஒரு வட்டம்,
பௌரான் என்று பெயர், வாயில் நுழைய ஒரு மாதம் ஆனது.
ஹலசூரில் பல்செட்டுக்கு அச்சு வார்க்கிற திலகவதி
இதை எங்கே கற்றாள் என்று கேட்காதீர்கள்.
ஒரு கேசட். ஒரு மழைக்காலம். சும்மா இருக்காத கை.

ஜிக் என்றால் தகிட தகிட.
ரீல் என்றால் தகதிமி தகதிமி.
ஒன்பதில் நடக்கிற ஒன்று உண்டு, தகிட தகிட தகிட;
அதில் டெரிக் எப்போதும் முந்துவான்,
கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிக்கிறவன் போல.

வருடத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாள்
யாருக்கும் நாங்கள் வேண்டாம்.
மார்ச் பதினேழு மட்டும் ஒரே இரவில் மூன்று இடம்.
சில்க் போர்டு நெரிசலில், ஆட்டோவுக்குள்,
பச்சைத் துண்டு போட்ட நான்கு பேர், மடியில் பெட்டிகள்.
‘ரைத சங்கமா?’ என்றார் டிரைவர்.
ஆமாம் என்றான் யூனுஸ். மீட்டருக்கு மேல் கேட்கவில்லை.

முழு போதையில் ஓர் ஐரிஷ்காரர்
‘உங்களுக்கு அங்கே எந்த ஜில்லா?’ என்றார்.
ஹலசூரு என்றேன்.
‘ஆ, அழகான ஊர்’ என்றார், கண் கலங்கி.

ஜூலையில் தோல் தளர்ந்துபோகும்,
ஈரப் பாயைத் தட்டுகிற சத்தம்.
யூனுஸின் மனைவி ஹேர் டிரையர் கொடுத்தாள்.
திருப்பிக் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டாள்.
அந்த மழையில்தான் பெயர் வைத்தோம், ‘வெட் கோட்’: நனைந்த ஆடு.
போஸ்டரில் ஆடு மழைக்கோட்டு ஆகிவிட்டது.
காசு கொடுத்தாயிற்று, விட்டுவிட்டோம்.

ஒன்பதாம் வருடம் அழைப்பு வந்தது.
கடலோரம் ஒரு சின்ன ஊர், ஐந்து நாள் விழா,
படுக்க இடம், இரண்டு வேளை சூப்.
டெல்லிக்குத் தாள்கள் போயின.
விசா நிருபமாவுக்கு மட்டும்.
மற்ற மூவரும் திரும்பி வருவார்கள் என்று
நம்பப் போதிய காரணம் இல்லையாம்.
திரும்பி வராதவர்களைப் பற்றித்தான்
எங்கள் பாட்டில் பாதி:
கப்பல், கரை, கிழங்கு அழுகின வயல்.
அன்றிரவும் அதையே வாசித்தோம்.
சிரித்திருக்கலாம்.

போய் வந்து நிருபமா சொன்னாள்:
‘அங்கே அடுக்களையில் வாசிக்கிறார்கள்.
யாரும் கைதட்டுவதில்லை, அடுத்ததைத் தொடங்குகிறார்கள்.’
அதிலிருந்து கைதட்டல் கேட்டாலே
பல்லில் மணல் கடித்தவள் மாதிரி ஒரு முகம்.

இரண்டு வருடத்தில் அங்கேயே வேலை,
சர்வர் அறையில் இரவு ஷிஃப்ட். குழலைத் தொடவே நேரமில்லை.
பொங்கலுக்குத் தமிழ்ச் சங்கத்துக் கும்மியில் ஆள் குறைய
இந்தக் கன்னடக்காரி போய் வட்டத்தில் நின்றிருக்கிறாள்.
‘காலே வரவில்லை, திலகா.
தகிட தகிட என்று எண்ணிக்கொண்டேன்,
சரியாக விழுந்தது.’

பதினான்காம் மார்ச்சில் ஊரே மூடிக்கொண்டது.
லேப்டாப்பில் வாசித்தோம், சத்தம் அரை நொடி பிந்தி.
டெரிக் வாழ்க்கையில் முதல்முறை தாமதமாக வந்தான்.

இந்த மார்ச், பதினேழாவது.
ஒரே இடம், கோரமங்களா. டெரிக்குக்கு இடக்கண்ணில் புது லென்ஸ்.
பத்து மணிக்கு வாசலில் போலீஸ், மைக்கை அணைத்தார்கள்.
பெட்டியை எடுக்கப் பின்பக்கம் போனோம்.
அங்கே நாலு பையன்கள் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார்கள்.
அவன் பெட்டியை மூடவில்லை.

மார்ச் வெயில் குடித்த தோல்,
தொட்டாலே பேசியது.
ஒன்பதில் ஒன்று வாசித்து முடித்தோம்.
யாரும் கைதட்டவில்லை, கை நிறைய சோப்பு.
பணம் திங்கட்கிழமை என்றார் மேனேஜர்.
டெரிக் அதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிட்டான்.