மூன்றாம் பலகை

படகுத்துறையின் மூன்றாம் பலகை
போன குளிர்காலத்தோடு இற்றுவிட்டது.
மாற்ற வந்த ஆர்லோ ஹோகன்சன்
ஆணிபிடுங்கியோடு குப்புறப் படுத்தார்.
விளிம்புக்கு வெளியே தொங்கிய தலை
அப்படியே நின்றுவிட்டது.

"இங்கே ஒருத்தன் வேலையில் இருக்கிறான்."

நானும் படுத்தேன்.
ஜூன் மாதத்து மினசோட்டா ஏரி,
மூக்குக்கு ஒரு விரற்கடை கீழே,
தேயிலைத் தண்ணீர் நிறத்தில்.
பலகையின் அடிவயிற்றில்
ஜவ்வரிசியை ஒட்டவைத்தாற்போல் முட்டைகள்.
அவற்றின் கீழே சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மீன்.
தலை மட்டும் கரி, மூக்கெல்லாம் வெள்ளை மரு,
பிடரியில் பஞ்சுபோல் ஒரு திண்டு.
அந்தத் திண்டால்
கூரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்,
திரும்பி மறுபடி முதலிலிருந்து.
வெளுத்துப்போன முட்டைகளை மட்டும்
பொறுக்கித் தின்றது.
கவனமா பசியா, தெரியவில்லை.

உள்ளங்கை அகலச் சூரியமீன் ஒன்று
சும்மா எட்டிப்பார்க்க வந்தது.
மரு மூக்கால் ஓர் இடி.
பெரியது விலகிப் போனது,
நம்பமுடியாமல் பாதியில் ஒருமுறை நின்று.

ஆர்லோ எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.
"ஐந்து நாள். வெயில் அடித்தால் நாலு.
இன்றைக்கு வந்துபோன கூலி மட்டும் கொடுங்கள்."
வண்டியின் பின்னே, தெர்மாகோல் வாளியில்,
தூண்டிலுக்கு வாங்கியவை நெளிந்தன.
ஒரு கரண்டி நாலு டாலர்.
அதே இனம். கரித்தலைகூட ஒன்றிரண்டு.
நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.
மூடியைப் போட்டார்.

நாலு நாளும்
அந்தப் பலகையை மிதிக்காமல் தாண்டினேன்.
குதிக்க ஓடிவந்த லிண்ட்க்விஸ்ட் பையன்களை
"அந்தக் கரைக்குப் போங்கடா" என்று விரட்டினேன்,
காரணம் சொல்லாமல்.
நடுஇரவில் மழை.
ஒவ்வொரு சொட்டும் அதன் கூரையில் எப்படி விழும் என்று
வெகுநேரம் விழித்திருந்தேன்.

ஐந்தாம் நாள் ஆணிகள் கிறீச்சிட்டன.
பலகையைப் புரட்டிப் புல்லில் போட்டார்.
அடி முழுக்கப் பாசி.
நடுவில் மட்டும், ஒரு சாப்பாட்டுத் தட்டளவுக்கு,
தேய்த்துத் தேய்த்து வெளுத்த மரம்.
ஒரு முட்டைத்தோல்கூட இல்லை.
இருவரும் அதைக் கொஞ்சநேரம் பார்த்தோம்.
பிறகு அவர் அளவெடுத்தார்.

கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு
வாளியோடும் தூண்டிலோடும்
நேரே படகுக்குப் போனார்.

புதுப் பலகையில் பைன் வாசம்.
குனிந்து பார்த்தேன்.
அதன் கீழே, ஒன்றுமே ஒட்டாத இடத்தில்,
அந்தக் கருந்தலை
இந்தப் பக்கம்,
அந்தப் பக்கம்.