மடிப்பு அட்டை

முதலில் வந்தது கையேடுதான்.
வடக்கிலிருந்து கப்பலேறி ரயிலேறி
கோச்சபம்பாவில் இறங்கியபோது
அதன் ஓரங்களை எலி தின்றிருந்தது.
விமானம் வர இன்னும் ஏழு மாதம்.

அதுவரை
உருளைக்கிழங்கு மூட்டையை மேசைமேல் வைத்துத்
தள்ளிப் பார்த்தோம்.
பிறகு நாங்களே ஏறினோம்.
முட்டியைச் சேர், தாடையை ஒட்டு, உருள்.
சார்ஜென்ட் ஊகார்தே கத்துவார்:
"வானத்தைப் பார்க்காதே,
அது உன்னைப் பார்த்துக்கொள்ளும்."

பார்த்துக்கொள்ளவில்லை.

கையேட்டின் கணக்கு கடல்மட்டத்துக்குப் போட்டது.
கடலில்லாத பொலிவியாவில்
அதை யார் சரிபார்ப்பது?
எங்கள் காற்று மெலிந்தது.
அதில் தேநீர் சீக்கிரம் கொதிக்கும்,
மனிதன் சீக்கிரம் விழுவான்.
முதல் நாள் குதித்தவர் பதினெட்டுப் பேர்.
உடைந்த கணுக்கால் பதினொன்று.

சோளக்காட்டுக்காரி பேசிலியா
ஒடிந்த தட்டைகளை எண்ணிக்கொண்டே வந்து
பாராசூட் துணியை விரலால் நெருடி,
"இதில் எத்தனை பாவாடை வரும்?" என்றாள் கெச்சுவாவில்.
மொழி தெரிந்தவர்கள் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

துணியை அகலமாக்கினோம்.
பூட்ஸுக்குள் ஆட்டுத்தோல் வைத்தோம்.
கையேட்டின் ஒன்பதாம் பக்கத்து எண்ணைப்
பென்சிலால் அடித்து எங்கள் எண்ணை எழுதினோம்.
படை பிறந்தது அன்றுதான் என்பேன்.
கொடியேற்றிய நாளை
கர்னல்கள் கொண்டாடிக்கொள்ளட்டும்.

நான் மடிப்பவன், ஐசிட்ரோ வில்கா.
நீள மேசை, இருபத்தெட்டுக் கயிறு,
காற்றைப் பிழிந்து வெளியேற்ற ஒரு முழங்கை.
ஒவ்வொரு பையிலும் ஓர் அட்டை:
தேதி, என் கையெழுத்து.
மாதம் ஒருமுறை ஏதாவதொரு பையை உருவி
என் மார்பில் எறிவார்கள்:
நீ மடித்தது, நீயே குதி.
பதினான்கு வருடம் குதித்தேன்.

பிறகொரு குளிர்கால இரவு
பாராசூட் வேண்டாம் என்று உத்தரவு.
லாரிகள் வந்தன.
சுரங்க ஊரில் வேலைநிறுத்தம்.
ஃபௌஸ்தினோவின் அப்பா அங்கேதான்
வெள்ளீயம் வெட்டுகிறார்.

தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு
மடிப்பறைக்குள் வந்தான்.
வெறுங்கையை நீட்டினான்.
"எனக்கும் ஓர் அட்டை கொடு, வில்கா."

எடுத்தேன்.
தேதி எழுதினேன்.
அதற்குக் கீழே பேனா ஓடவில்லை.
எதை மடித்துத் தந்தேன் என்று
கையெழுத்துப் போடுவது?

வெளியே ஹாரன் அடித்தார்கள்.
அட்டையை அப்படியே வாங்கிப்
பைக்குள் செருகிக்கொண்டு ஓடினான்.

மேசைமேல்
பாதி மடிப்பில் ஒரு பாராசூட்.
கதவைத் திறந்துவிட்டுப் போயிருந்தான்.
துணிக்குள் காற்று புகுந்து
மெல்ல எழும்பியது.